உறையில் பச்சை முத்திரை இருக்கிறதா?

குன்னூர் கடையில் மசாலாவோ உறைந்த இறைச்சியோ வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். மேற்பாதிக் கோடு மட்டும் இடைவெளி விட்டு வரைந்த வட்டத்துக்குள் ஒரு புள்ளி, இரண்டு இலைகள் என்று பச்சை முத்திரை இருந்தால், அது கிருமியைக் கொல்லக் கதிர்வீச்சால் பதப்படுத்திய உணவு. நம் நாட்டு விதிப்படி அதை உறையில் குறிப்பிட்டே ஆக வேண்டும். வாங்குகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. உணவில் கதிரியக்கம் ஏறிவிடாது, பயம் வேண்டாம். ஆனால் பிரித்த பிறகு அழுக்குக் கத்தி பட்டால் கிருமி மறுபடி தொற்றும்.

மலைக் குளிர்தானே என்று இறைச்சியைச் சமையல் மேடையில் விட்டுவிடாதீர்கள். உதகையின் பகல் குளிர்கூடப் போதாது. அதற்கு 5 டிகிரிக்குக் கீழே வேண்டும். கோழியானால், எலும்பை ஒட்டிய சதையும் 74 டிகிரி எட்டும்வரை வேகவிடுங்கள்.