பழைய டிரையம்ஃபில் காயில் ஒயரிங்: பாக்ஸைக் குறை சொல்லும் முன்

1960களின் பிற்பகுதியில் வந்த டிரையம்ஃப் பானவில் 650 பைக் வைத்திருப்பவர்களில் பலர் பாயின்ட்டைக் (காயில் கரண்ட்டை வெட்டிப் பொறி வர வைக்கும் பழைய தொடர்பு முனை) கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியிருக்கிறார்கள். மாட்டிய கொஞ்ச நாளிலேயே வண்டி திணறினால் முதல் சந்தேகம் புது எலெக்ட்ரானிக் பாக்ஸ் மேல்தான் விழும். நான் பார்த்தவரை பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கும். தவறு காயிலிலோ (பேட்டரி வோல்ட்டை உயர்த்திப் பிளக்குக்கு அனுப்பும் சுருள்), காயிலுக்குப் போய்வரும் ஒயரிலோ ஒளிந்திருக்கும்.

முதல் தவறு, பழைய காயில்களை அப்படியே விட்டுவைப்பது. பானவில்லில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும். பாயின்ட் இருந்தபோது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பாயின்ட், அது தீய்ந்துபோகாமல் காக்கும் தனி கண்டென்சர், தனி 12 வோல்ட் காயில். பாயர் பிரான்ஸ்டன் நிறுவனத்தினுடையது மாதிரியான எலெக்ட்ரானிக் பாக்ஸ் அப்படி வேலை செய்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பிளக்கையும் ஒரே நேரத்தில் பொறிய வைக்கும். ஒரு பொறி பெட்ரோலைப் பற்றவைக்கும். மற்றொன்று புகை வெளியேறி முடியும் நேரத்தில் வீணாகப் போகும், அதனால் கெடுதல் இல்லை. இதற்கு இரண்டு 6 வோல்ட் காயில்களை சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டும். ஒன்று ஏறக்குறைய 1.7 ஓம், இரண்டும் சேர்ந்து மூன்றரை ஓம் பக்கம் வரும். 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் வரை ஓடும்.

அதே இடத்தில் பழைய 12 வோல்ட் காயில்களை சீரிஸில் கோத்தால் மொத்தம் 7 ஓம் ஆகிவிடும். கரண்ட் பாதியாகக் குறைந்து பொறி நோஞ்சானாகும். குளிர்ந்த எஞ்சினில் பத்து கிக் அடித்தாலும் பிடிக்காது. சரி, பேரலலில் (இரண்டுக்கும் தனித்தனி வழியாக) கொடுத்துவிடலாம் என்று சிலர் போகிறார்கள். அது இன்னும் மோசம். எதிர்ப்பு 1.75 ஓமுக்கு இறங்கி 7 ஆம்பியர் வரை இழுக்கும். பாக்ஸும் காயிலும் சூடேறிச் செத்துப் போகும். காயில் மேல் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், ஒரு நிமிட வேலைதான்.

அடுத்தது எர்த், அதாவது பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் உலோக உடம்போடு சேர்ப்பது. நம் ஊர் வண்டிகளில் நெகட்டிவ் எர்த் பழகிய கை இங்கே தடுமாறும். அந்தக்கால பானவில்லில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். பாயர் பாக்ஸின் சிவப்பு ஒயர் எர்த்துக்குப் போக வேண்டும். வெள்ளை, சுவிட்ச் வழியாக வரும் நெகட்டிவ். கறுப்பு, காயிலுக்கு. சிவப்பைப் பார்த்ததும் 'இது சப்ளை' என்றும், கறுப்பைப் பார்த்ததும் 'இது எர்த்' என்றும் கை தானாகப் போகும். அங்கேதான் புது பாக்ஸ் புகைகிறது. கறுப்பு ஒயர் முதல் காயிலின் மைனஸில், அதன் பிளஸ் இரண்டாவது காயிலின் மைனஸில், இரண்டாவதின் பிளஸ் எர்த்தில். அவ்வளவுதான் இணைப்பு.

எர்த் என்று ஃபிரேமில் ஏதோ ஒரு போல்ட்டைப் பிடித்து முறுக்கிவிடுவதையும் விட்டுவிடுங்கள். புதுசாக பவுடர் கோட்டிங் அடித்த ஃபிரேமில் பெயின்ட்டுக்கு அடியில் உலோகத் தொடர்பே இருக்காது. பிளக்கில் பாயும் கரண்ட் எஞ்சின் வழியாகத்தான் திரும்ப வேண்டும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்குத் தனியாக ஒரு தடித்த ஒயர் இழுங்கள். இந்த ஒரு ஒயர் போட்டதும் சரியான வண்டிகளை நிறைய பார்த்திருக்கிறேன்.

வோல்ட்டேஜ் விஷயத்தில் பழைய பாயர் பாக்ஸ்கள் கறார். பேட்டரி டவுனாக இருந்தால் டைமிங் (பொறி வரும் நேரம்) தாறுமாறாகி, கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் போய்விடும், ஜாக்கிரதை. ஐம்பது வருஷம் பழகிய இக்னிஷன் சுவிட்ச்சும் கில் சுவிட்ச்சும் வழியிலேயே வோல்ட்டைத் தின்னும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் வெள்ளை ஒயருக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுவிட்ச்சையும் கனெக்டர்களையும் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள்.

இன்னும் சில. பழைய கண்டென்சர்களைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். டிஜிட்டல் பாக்ஸ் என்றால் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் போடுங்கள், இல்லாவிட்டால் பொறியின் இரைச்சலே பாக்ஸைக் குழப்பும். உருளைக் காயிலைப் பிடிக்கும் கிளாம்ப்பை முரட்டுத்தனமாக முறுக்கினால் கூடு நசுங்கி உள்ளே ஷார்ட் ஆகும். பொறி வருகிறதா என்று பார்க்கும்போது இரண்டு பிளக்கும் ஹெட்டில் தொட்டிருக்கட்டும். ஒன்றை அந்தரத்தில் தொங்கவிட்டால் போக இடமில்லாத உயர் வோல்ட்டேஜ் காயிலையோ பாக்ஸையோ துளைத்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடானபின் வண்டி விட்டு விட்டு நின்றால், டைமிங் மூடியைத் திறந்து ஸ்டேட்டர் பிளேட்டிலிருந்து (பொறி எப்போது வேண்டும் என்று பாக்ஸுக்குச் சொல்லும் தட்டு) வரும் இரண்டு மெல்லிய ஒயர்களை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெளியே உறை நன்றாக இருக்கும், உள்ளே கம்பி அதிர்விலேயே அறுந்திருக்கும். இழுக்கும்போது உறை ரப்பர் மாதிரி நீண்டு கொடுத்தால் அதுதான் இடம்.