ஆறுமணிக்குருவியை மரநிழலில் படம் எடுப்பது எப்படி?

நான்கு குளிர்காலமாக ராயக்கோட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் ஆறுமணிக்குருவியைப் படம் எடுத்து வருகிறேன். முதல் இரண்டு வருடமும் ஒரு படம் கூடத் தேறவில்லை. மூன்றாவது வருடம்தான் எங்கே தப்பு செய்கிறேன் என்று பிடிபட்டது. புதிதாகக் கேமரா வாங்கிய சிலர் அதே இடத்தில் சிக்கி நிற்பதைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன். அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ என்றால் என்ன என்பதற்குள் போகவில்லை. அது தெரிந்திருந்தால் போதும்.

சின்னப் பறவை, சுமார் 19 சென்டிமீட்டர். மைனாவை விடச் சிறியது, வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். முதுகு பச்சை, தோளில் நீலம், வயிறு சந்தன நிறம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண் வழியாக ஓடும் தடித்த கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. நம் பக்கம் அக்டோபரில் இருந்து ஏப்ரல் வரை பார்க்கலாம். இத்தனை நிறம் இருந்தும் கண்ணில் படாது. அடர்ந்த நிழலில், தரையில், சருகைப் புரட்டிக்கொண்டே இருக்கும்.

முதல் வேலை காதுக்கு

காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரமாக விசில் அடிக்கும். பெயரே அதனால்தான். டிசம்பரில் இங்கே ஆறரை தாண்டித்தான் சூரியன் எழும், ஆறு மணிக்குத் தோப்புக்குள் கும்மிருட்டு. அந்த நேரத்தில் கேமராவை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். எந்தத் திசையில் இருந்து கூவுகிறது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த நாளும் அநேகமாக அதே பகுதியில் இருந்துதான் கூவும். தனக்கென்று ஒரு இடம் பிடித்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க அங்கேயே மேயும் பறவை இது.

எனக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்தது தோப்பில் மாடு மேய்க்கும் ஆயாதான். "தம்பி, அது ஓடைக்கிட்டப் புங்க மரத்தடியிலதான் கெடக்கும். அது கூவுனாத்தான் நான் மாட்ட ஓட்டிக்கிட்டுப் போவேன்" என்றார். அதுவரை நான் தோப்பின் மறு கோடியில் அலைந்துகொண்டிருந்தேன். உங்கள் ஊரிலும் தோப்புக்காரரை, மாடு மேய்ப்பவர்களை முதலில் கேளுங்கள். கேட்கும்போதே அந்த மூலையில் மட்டும் சருகைக் கூட்டிக் கொளுத்த வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். சருகும் ஈரமும் இருந்தால்தான் புழு இருக்கும், புழு இருந்தால்தான் பறவை இருக்கும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் காட்டுக்குள் போக நினைப்பவர்களுக்கு: காவிரி வடக்கு, காவிரி தெற்கு இரண்டுமே வனவிலங்குச் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. யானை நடமாடும் இடத்தில் தரையில் உட்கார்ந்து கேமராவுக்குள் கண்ணைப் புதைப்பது உயிருக்கு ஆபத்து. பழகுவதற்குத் தோப்பே போதும்.

உட்காருவது

துரத்தினால் கிடைக்காது. சருகில் ஒரு அடி எடுத்து வைத்தாலே அதற்குக் கேட்டுவிடும். வெளிச்சம் வருவதற்கு முன்பே போய் ஒரு மரத்தில் சாய்ந்து தரையோடு உட்கார்ந்துவிடுங்கள். உட்காரும் முன் ஒரு குச்சியால் சருகைத் தட்டிப் பாருங்கள், கண்ணாடி விரியன் இருக்கும் நிலம் இது.

ட்ரைபாட் எனக்குப் பிடிக்காது. காலை விரித்து, உயரம் மாற்றி, திருகுவதற்குள் பறவை போய்விடும். பழைய ஜீன்ஸ் பேண்ட்டின் ஒரு காலை வெட்டி, இரண்டு கிலோ ராகி போட்டுத் தைத்து வைத்திருக்கிறேன். லென்ஸை அதன் மேல் அமுக்கினால் மணல் மூட்டை போல அப்படியே பிடித்துக்கொள்ளும். கேமராவும் பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கிவிடும். நின்றுகொண்டு எடுத்தால் முதுகும் சருகும் மட்டும்தான் வரும்.

வெளிச்சம் (இதில்தான் நான் இரண்டு வருடம் தோற்றேன்)

இருட்டாக இருக்கிறது, அதனால் ஐஎஸ்ஓவைக் கேமராவிடமே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். வந்த படம் எல்லாவற்றிலும் தொண்டையும் வயிறும் வெளுத்துப் போய் வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. காரணம் எளிது. ஃப்ரேமில் முக்கால்வாசி கறுத்த நிழல், பறவை ஒரு மூலையில் சிறியதாக. கேமரா நிழலைப் பார்த்து "இருட்டு" என்று முடிவு செய்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. எட்டு மணிக்கு மேல் இலை இடுக்கு வழியாகத் தரையில் வெயில் திட்டுத் திட்டாக விழும். பறவை ஒரு தத்தலில் நிழலில் இருந்து திட்டுக்குள் வந்துவிடும். அப்போதும் கேமரா நிழலுக்கான கணக்கிலேயே நிற்கும்.

இப்போது செய்வது இதுதான். கேமராவை மேனுவலில் வைத்து, ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிடுகிறேன். லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, என்னுடையதில் எஃப் 6.3. ஷட்டர் 1/160. அப்புறம் பையில் இருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டை. வெயில் திட்டு விழ ஆரம்பித்ததும், பறவை இன்னும் தூரத்தில் இருக்கும்போதே, கைக்குட்டையை ஒரு திட்டில் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்கிறேன். வெளுத்த இடம் மினுக்கும் எச்சரிக்கையை மெனுவில் போட்டு வையுங்கள். கைக்குட்டை மினுக்கினால் ஐஎஸ்ஓவைக் குறைத்துக்கொண்டே வந்து, மினுக்கல் நிற்கும் எண்ணை மனதில் வையுங்கள். பிறகு கைக்குட்டையை நிழலில் போட்டு அதே வேலை. என் தோப்பில் காலை எட்டரைக்கு திட்டுக்கு ஐஎஸ்ஓ 100, நிழலுக்கு 3200 வந்தது. 32 மடங்கு வித்தியாசம். ஐஎஸ்ஓ ஒவ்வொரு சொடுக்குக்கும் இரட்டிப்பாகும்படி மெனுவில் மாற்றிக்கொண்டால் இது வெறும் ஐந்து சொடுக்குதான். பறவை வெயிலுக்கு வந்தால் ஐந்து சொடுக்கு கீழே, நிழலுக்குப் போனால் ஐந்து மேலே. கண்ணை எடுக்காமல் விரல் மட்டும் செய்யும் வேலை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது பழகுங்கள்.

இன்னும் ஒன்று, இது எனக்கு மிகவும் பிடித்தது. வெயிலும் நிழலும் கலந்து விழும் இடத்தில் பறவை நின்றால் எடுக்காதீர்கள். பாதி உடம்பு வெயில், பாதி நிழல், மேலே இலையின் நிழல் வேறு. திட்டுக்கு ஒரு முழம் தள்ளி, நிழலில் நிற்கும்போது எடுங்கள். வெயில் பட்ட சருகில் இருந்து வெளிச்சம் எகிறி அதன் வயிற்றில் மெதுவாக விழும். ஐஎஸ்ஓ 1600 போதும். அந்தக் குங்குமச் சிவப்பு அப்போதுதான் உண்மையான நிறத்தில் தெரியும். ஒரு நாள் ஏழெட்டு மீட்டரில் நின்று, மாவிலை ஒன்றை அலகால் கவ்வித் தூக்கிப் போட்டது. அடியில் மண்புழு. இழுத்த இழுப்பில் அலகின் நுனியில் ஈரமண் ஒட்டிக்கொண்டது. மூக்குத்தி அளவு மண். படத்தில் அந்த மண்ணுருண்டையின் பளபளப்பு வரை வந்திருக்கிறது. வெயிலில் நின்றிருந்தால் அது வந்திருக்காது.

மேகமூட்டமான நாள் கிடைத்தால் இந்தக் கைக்குட்டை வேலையே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டுப் பெய்யும் நவம்பர் காலைகள் பொன்னானவை.

ஃபோகஸ்

ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் மட்டும் வையுங்கள். பல புள்ளி வைத்தால் முன்னால் நிற்கும் உண்ணிச்செடி இலையைத்தான் பிடிக்கும். கண்ணில் ஃபோகஸ் செய் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தப் பறவைக்கு அது சரிப்படாது. கண் கறுப்பு, அதைச் சுற்றிய பட்டையும் கறுப்பு. மங்கிய வெளிச்சத்தில் லென்ஸ் அங்கே எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடும். நண்பரின் மிரர்லெஸ் கேமராவும் கண்ணைத் தேடித் தடுமாறியது. கறுப்புப் பட்டையும் வெள்ளைத் தொண்டையும் சந்திக்கும் கோட்டில் புள்ளியை வையுங்கள், டக்கென்று பிடிக்கும். அதன் பிறகு அவசரப்படாதீர்கள். தலையை வெட்டவெளிப் பக்கம் திருப்பும்போது கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் மின்னும். அப்போதுதான் அழுத்த வேண்டும். அந்தப் பொட்டு இல்லாவிட்டால் கண் இருக்கும் இடமே தெரியாது.

1/160 போதுமா என்று பயம் வேண்டாம். இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம், காது கொடுத்துக் கேட்பது போல அசையாமல் நிற்கும், மறுபடி தத்தல். அந்த நிறுத்தத்தில் நான்கைந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள். ஒன்று நிச்சயம் கூர்மையாக வரும். ரா ஃபைலாகவே (சென்சார் பிடித்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். மரநிழலில் எல்லாம் பச்சை பாய்ந்து வரும், ரா இருந்தால் டார்க்டேபிள் என்ற மென்பொருளில் ஒரு நிமிடத்தில் சரி செய்யலாம், அது இலவசம். கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தால் இருக்கட்டும். அதை வழித்தெடுக்கப் போய் இறகின் நெளிவெல்லாம் மெழுகு பூசியது போல ஆகிவிடும்.

ஃபிளாஷ் போடாதீர்கள். மொபைலில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடவும் வேண்டாம். வேறொரு பறவை தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்து, மேய்ச்சலை விட்டுவிட்டுத் தேடி அலையும். அத்தனை தூரம் பறந்து வந்திருப்பது இங்கே வயிற்றை நிரப்பத்தான்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு ஒருவர், மேனுவலில் ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்து எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால் ஆகாதா என்று கேட்டிருந்தார். மேகமூட்டத்தில் தாராளமாக ஆகும். ஆனால் சில பழைய தொடக்கநிலைக் கேமராக்களில் மேனுவலில் அந்தக் குறைப்பு வேலையே செய்யாது. முதலில் வீட்டில் சோதித்துப் பாருங்கள்.

இன்னொருவருக்கு லென்ஸ் பிடிக்கவே இல்லை, முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது என்றார். பறவை அவருக்கு ஐந்து மீட்டரில். லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் தூர வரம்பு சுவிட்ச் பத்து மீட்டருக்கு மேல் என்பதில் இருந்திருக்கிறது. பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் உட்கார்ந்ததும் அதை ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

ராகிப் பை பற்றி: போன நவம்பர் மழையில் நனைந்து, இரண்டு நாளில் உள்ளே முளை விட்டுப் புளித்த வாடை வந்துவிட்டது. ராகியைப் பாலித்தீன் பையில் போட்டு உள்ளே வைத்தேன், லென்ஸை அசைத்தால் சரசரவென்று சத்தம். இப்போது பழைய குடைத் துணியில் உறை தைத்து மேலே போட்டிருக்கிறேன். சத்தமும் இல்லை, ஈரமும் இறங்குவதில்லை.