கட்டம் போட்ட கேக்: சேலத்துக்கு ஓர் அளவு, ஏற்காட்டுக்கு ஓர் அளவு

வெட்டினால் உள்ளே சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் தெரியும் கேக்குக்கு அலங்காரக் கைவண்ணம் வேண்டாம், ஸ்கேல் வேண்டும். வட்டக் கேக்கை மூன்று வளையமாக வெட்டி, நிறம் மாற்றிச் செருகி அடுக்குகிறோம், அவ்வளவுதான். வளையத்தின் அகலமும் அடுக்கின் உயரமும் ஒன்றானால்தான் சதுரம் வரும். 18 செ.மீ. டின் என்றால் ஆரம் 9, வளையம் ஒவ்வொன்றும் 3. அடுக்கின் உயரமும் அதே 3 செ.மீ. இரண்டில் நின்றுவிட்டால் கட்டம் செங்கல் போலப் படுத்துவிடும்.

7.5 செ.மீ. உயரமுள்ள டின் ஒன்று, கிராம் தராசு, பல் வைத்த நீளக் கத்தி, ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் போதும். ஓடிஜி என்னும் சிறு மின் ஓவனின் குமிழ் காட்டும் சூட்டை நம்பாதீர்கள். தடுப்பு வளையத்தோடு விற்கும் செக்கர்போர்டு செட் வேண்டாம்; தடுப்பின் அடியில் மாவு கசிந்து ஓரம் குழம்பும். இரும்பாலை இருக்கும் ஊரில் எவர்சில்வருக்கா பஞ்சம்? வாய் 12 செ.மீ. டப்பா ஒன்று, 6 செ.மீ. டம்ளர் ஒன்று எடுங்கள். விளிம்பு சுருட்டிய டம்ளர் வெட்டாது, நசுக்கும். அப்படியென்றால் அட்டையில் வட்டம் வெட்டி வைத்துக்கொண்டு கத்தியால் சுற்றி வாருங்கள்.

வெள்ளைக் கேக்குக்கு வெண்ணெய், மிக்ஸியில் பொடித்த சர்க்கரை, மைதா, முட்டை நான்கும் தலா 200 கிராம், பேக்கிங் பவுடர் தட்டையாக 2 டீஸ்பூன். நாமக்கல் முட்டை நாலா ஐந்தா என்று எண்ணாமல், ஓடு நீக்கி எடை போடுங்கள். பழுப்புக்கு மைதாவை 170 கிராமாகக் குறைத்து 30 கிராம் கோகோ, மூன்று டேபிள்ஸ்பூன் ஆறிய டிகாஷன். பால் விட்டாலும் ஆகும், ஆனால் டிகாஷன்தான் நிறத்தை இறுக்கும்.

சித்திரை வெயிலில் வெண்ணெயை வெளியே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கக் கூடாது. அமுக்கினால் குழி விழ வேண்டும், விரல் வழுக்கக் கூடாது. உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. கேக்கின் அடியில் ரப்பர் மாதிரி ஒரு பட்டை உட்கார்ந்துவிடும். சர்க்கரையோடு ஐந்தாறு நிமிடம் அடித்து, முட்டையைச் சிறிது சிறிதாக விட்டு, சலித்த மாவைக் கடைசியில் மடித்துச் சேருங்கள். 160 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் கேக் வெளியே வந்த பிறகே அடுத்த நிற மாவைக் கலக்குங்கள்.

இதே அளவை ஏற்காட்டில் போட்டால் கேக் பொங்கி நடுவில் குழிந்துவிடும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. உள்ளே பிறக்கும் வாயு அதிகமாக விரியும், கேக் இறுகுவதற்குள் சுவர் உடையும். தண்ணீரும் 95 டிகிரியிலேயே கொதித்து வற்றும். பேக்கிங் பவுடரை ஒன்றரை டீஸ்பூனாக்கி, சர்க்கரையில் 15 கிராம் குறைத்து, பால் இரண்டு டேபிள்ஸ்பூன் கூட்டி, சூட்டை 170 ஆக்குங்கள். நடு குழிந்த கேக்கிலிருந்து 3 செ.மீ. அடுக்கு இரண்டு எடுக்கவே முடியாது.

ஆறிய கேக்கைச் சுற்றிக் கட்டி ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிரும். 3 செ.மீ., 6 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் பல்குச்சி குத்தி, குச்சிமேல் கத்தியைப் படியவைத்து அறுங்கள். மேலே எஞ்சும் கூம்பு வீட்டுப் பிள்ளைகளுக்கு. ஒரு நிறத்துக்கு இரண்டு வட்டு கிடைக்கும். வளையம் வெட்டும்போது கத்தி நேர்க்குத்தாக இறங்க வேண்டும். சாய்ந்தால் ஒன்றுக்குள் ஒன்று உட்காராது. இரண்டு வெட்டும் போட்ட பிறகே பிரியுங்கள். வெளி வளையம் முறிந்தால் கவலை வேண்டாம், சேர்த்து ஒட்டினால் தெரியாது.

ஒட்டுவதற்கும் மேலே பூசுவதற்கும் 600 கிராம் டார்க் சாக்லேட்டில் 300 கிராம் சூடான க்ரீம் விட்டுக் கலக்கிய கனாஷ். சேலத்து வெயிலில் பட்டர்க்ரீம் வழியும். எந்த எல்லையிலும் வெள்ளைக்கு அடுத்தது பழுப்பு என்பதால் கனாஷ் கோடு பழுப்போடு கலந்து மறைந்துவிடும். ஆனால் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் பழுப்புக் கட்டம் மட்டும் பெருத்துவிடும். முதல் அடுக்கில் பழுப்பு, வெள்ளை, பழுப்பு. அடுத்ததில் வெள்ளை, பழுப்பு, வெள்ளை. நாலு அடுக்கு முடிந்ததும் இரண்டு மணி நேரம் குளிரவிட்டு வெளியே பூசுங்கள்.

12 செ.மீ. உயரக் கேக்கோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதாக இருந்தால், நடுவில் ஒரு மூங்கில் குச்சியை அடிவரை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுக்கு ஒரு பக்கம் சரிந்து கட்டம் படிக்கட்டாகிவிடும். வெட்டும் முன் குச்சியை உருவி, கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, சரியாக மையத்தின் வழியே இறக்குங்கள். ஓரமாக வெட்டினால் வெளி வளையம்தான் நீளப் பட்டையாகத் தெரியும்.