மூக்குக் குழாய் வழியே உணவு: வீட்டில் நடக்கும் தவறுகள்

உணவுக்குழாய்ப் புற்று, பக்கவாதம் போன்றவற்றால் விழுங்க முடியாமல் ஜிப்மரிலோ கடலூர் அரசு மருத்துவமனையிலோ சேர்ந்தவர்களில் சிலர், மூக்கு வழியே இரைப்பை வரை போகும் உணவுக் குழாயான ரைல்ஸ் ட்யூப்போடுதான் வீடு திரும்புகிறார்கள். ட்யூப் இருக்கிறதே, இனிப் புரையேறாது என்று வீட்டார் நிம்மதியாகிவிடுகிறார்கள். பெரிய தவறே அந்த நினைப்புதான். இரைப்பையின் வாயில் உள்ள தசை, உள்ளே போனது மேலே வராதபடி இறுக மூடிக்கொள்ளும். நடுவில் ட்யூப் கிடப்பதால் அது முழுசாக மூடாது. படுக்கவைத்துக் கஞ்சி ஊற்றினால் அது தொண்டைக்கு ஏறி நுரையீரலில் இறங்கும், நிமோனியா வரும்.

அதனால் உணவு கொடுக்கும்போதும், முடிந்து ஒரு மணி நேரம் வரையும், உடம்பு 30 முதல் 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். தலைக்கு மட்டும் இரண்டு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும். இடுப்பிலிருந்து முதுகு முழுவதும் உயர வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தும் கட்டில் இல்லாவிட்டால், மரநாற்காலியைத் தலைமாட்டில் குப்புறக் கவிழ்த்து, அதன் சாய்வுப்பலகை சரிவாக வரும்படி வைத்து, நழுவாமல் கட்டி, மேலே தலையணைகளை அடுக்குங்கள்.

அடுத்தது, ட்யூப் இடத்தில் இருக்கிறதா என்று பாராமலே ஊற்றுவது. மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே, மூக்குத் துவாரத்தை ஒட்டி ட்யூபில் மார்க்கர் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேளையும் கோடு அங்கேயே இருக்கிறதா, வாயைத் திறந்தால் உள்ளே சுருண்டு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்பதையும், ட்யூப் முனையைத் தண்ணீரில் வைத்துக் குமிழி பார்ப்பதையும் நம்பக் கூடாது. ட்யூப் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் வயிற்றில் கேட்கும். ட்யூப் வழியே வயிற்று நீரைச் சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் பட்டையில் வைத்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். பான்டோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ட்யூப் சரியாக இருந்தாலும் அளவு ஏறிக் காட்டலாம். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரேதான் வழி. அதுவரை எதுவும் ஊற்றாதீர்கள்.

சிரிஞ்சின் தண்டை வைத்து அழுத்தித் தள்ளுவதும் கூடாது. 50 மி.லி. சிரிஞ்சில் தண்டைக் கழற்றிவிட்டு, ட்யூபை மடக்கிப் பிடித்தபடி மாட்டி, ஊற்றி, தலைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் பிடித்தால் தானாக இறங்கும். ஒரு வேளைக்கு 200 முதல் 250 மி.லி., 15 முதல் 20 நிமிடம். சிரிஞ்ச் காலியாகும் முன்பே அடுத்ததை ஊற்றினால் காற்று போகாது. நடுவில் இருமினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்துங்கள்.

வெறும் கஞ்சித்தண்ணீரும் பருப்புத்தண்ணீரும் கொடுத்தே வாரக்கணக்கில் ஓட்டுவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. வயிறு நிறையும், உடம்பு கரையும். முளைகட்டிய கேழ்வரகு மாவு இங்கே கைகொடுக்கும். முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால், மாவைக் கூடுதலாகப் போட்டாலும் கஞ்சி கெட்டியாகாமல் ட்யூபில் இறங்கும். பால், நன்றாக வெந்த பருப்பு, வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மிக்ஸியில் அடித்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பச்சை முட்டை வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீர் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம். நம் கடலோரப் புழுக்கத்தில் வெளியே வைத்த உணவு 2 மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

மாத்திரைகளை ஒட்டுமொத்தமாகப் பொடித்துக் கஞ்சியில் கலப்பதே ட்யூப் அடைப்புக்கு முக்கியக் காரணம். ஒவ்வொன்றையும் தனித்தனியே பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இடையில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். உணவுக்கு முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் கட்டாயம்; தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் டாக்டர் சொன்ன அளவு. பான்டோப்ரசோல் மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. அதன் மேல்பூச்சு போய்விட்டால் மருந்தை வயிற்று அமிலமே அழித்துவிடும். பதிலாக என்ன தரலாம் என்று கேட்டு வாங்குங்கள். வயிற்றுப் புண்ணுக்குத் தரும் சுக்ரல்ஃபேட் சிரப் உணவோடு சேர்ந்தால் கட்டியாகும். அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரை 50 மி.லி. சிரிஞ்சால் மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சிறிய சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், ட்யூப் கிழியலாம். கம்பி விட்டுக் குத்தாதீர்கள்.

வாயால் சாப்பிடாதவருக்கு வாய் எதற்குக் கழுவ வேண்டும் என்று விடுவதும் தவறு. எச்சிலில் பெருகும் கிருமிகள் நுரையீரலுக்குப் போகும். தினமும் இரண்டு வேளை பல் துலக்கி, நாக்கைத் துடைத்துவிடுங்கள்.

ட்யூப் கழன்று வந்துவிட்டால் வீட்டில் நீங்களே திரும்பச் செருகாதீர்கள். உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குத் தையல் பிரிந்து உயிருக்கே ஆபத்தாகும்; அவர்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரின் முடிவில்தான் மாற்ற வேண்டும். மற்றவர்களை ஒரு வேளை உணவு தவறினாலும் பரவாயில்லை என்று அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். ஆனால் இன்சுலின் போட்ட பிறகு ட்யூப் கழன்றால் சர்க்கரை இறங்கிவிடும்; காலை வரை காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள். ட்யூபில் ரத்தமோ காபித்தூள் நிறத்தில் எதுவுமோ வந்தாலும், மலம் தார் போலக் கறுத்துப் போனாலும் 108-ஐ அழையுங்கள்.