வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி: சில்வியா பாங்கர்ஸ்ட்டை வைத்து ஒரு செய்முறை

ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுத உட்கார்ந்தால், கை தானாகவே 'இன்ன ஆண்டு, இன்ன ஊரில், இன்னாருக்கு மகளாகப் பிறந்தார்' என்று ஓடத் தொடங்கிவிடும். அப்புறம் படிப்பு, போராட்டம், சிறை, மறைவு. கல்லூரி மலருக்கோ விக்கிப்பீடியாவுக்கோ புதிதாக எழுத வருபவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. அந்த ஆள் யார் யாரோடு முறித்துக்கொண்டார் என்று தேடுங்கள். பிரிட்டனின் சோசலிஸ்ட், பெண் வாக்குரிமைப் போராளி சில்வியா பாங்கர்ஸ்ட் இதற்கு வாகானவர்.

படி 1: ஆண்டுகளை ஒரு தாளில் இறக்கிவையுங்கள்

1882 மே 5, மான்செஸ்டரில் பிறப்பு. 1898, வழக்கறிஞரான தந்தை ரிச்சர்ட் மறைவு. 1903, தாய் எம்மலின் தம் வீட்டிலேயே, வாக்குரிமை கேட்டுப் போராட, பெண்கள் சமூக அரசியல் சங்கத்தைத் தொடங்குகிறார். 1906, சில்வியாவுக்கு முதல் சிறை. 1914, சங்கத்திலிருந்து வெளியேற்றம். 1920, மாஸ்கோ. 1956, எத்தியோப்பியாவில் குடியேற்றம். 1960 செப்டம்பர் 27, மறைவு. இந்தத் தாள் உங்களுக்கு மட்டும். வாசகரிடம் அப்படியே நீட்டாதீர்கள்.

படி 2: கையில் என்ன தொழில் இருந்தது?

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சில்வியா படித்துத் தேறிய ஓவியர். மான்செஸ்டர் கலைப் பள்ளி, பிறகு லண்டன் ராயல் கலைக் கல்லூரி. 1907இல் வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பக்கம் சுற்றி, பஞ்சாலையிலும் பீங்கான் பட்டறையிலும் வேலை செய்த பெண்களை அங்கேயே இருந்து வரைந்தார். சிறை சென்று வந்த பெண்களுக்குச் சங்கம் கொடுத்த வெள்ளிப் பதக்க ஊசியும் அவர் வடிவமைப்புதான். நாடாளுமன்றச் சின்னமான கம்பிக் கதவு. அதன்மேல் கைதி உடையில் குத்தும் அம்புக்குறி, ஊதா, வெள்ளை, பச்சை நிறங்களில். அவரது அரசியலைச் சொல்ல இந்த ஊசியை விவரித்தாலே பாதி வேலை முடிந்தது.

படி 3: முறிவுகளை வரிசைப்படுத்துங்கள்

நேரத்தை இங்கே செலவழியுங்கள். ஒவ்வொரு முறிவுக்கும் இரண்டே கேள்வி: எதற்காக? முறிந்த பிறகு என்ன செய்தார்?

முதலாவது, அக்கா கிறிஸ்டபெல்லோடு. சில்வியா கிழக்கு லண்டன் தொழிலாளிப் பெண்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். 1913 நவம்பரில், டப்ளினில் கதவடைப்புக்கு ஆளான தொழிலாளர்களுக்காக ஆல்பர்ட் ஹாலில் மேடையேறினார். எந்தக் கட்சியோடும் ஒட்டக் கூடாது என்பது அக்காவின் கொள்கை. 1914 ஜனவரியில் தங்கையைப் பாரிஸுக்கு வரவழைத்து, உன் கிளை இனித் தனி என்று சொல்லிவிட்டார். அதே ஆண்டு ஜூனில், பிரதமர் ஆஸ்குவித் கிழக்கு லண்டன் பெண்கள் ஆறு பேரைச் சந்திக்க இறங்கிவந்தார். போர் வந்ததும் தாயும் அக்காவும் அரசின் பக்கம் போனார்கள். சில்வியா அடக்கவிலைச் சாப்பாட்டுக் கடையும், மூடிக்கிடந்த ஒரு மதுக்கடையில் குழந்தைகள் காப்பகமும் நடத்தினார்.

இரண்டாவது, லெனினோடும் பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சியோடும். நாடாளுமன்றத் தேர்தலில் கம்யூனிஸ்டுகள் இறங்குவது வீண் என்றார் சில்வியா. லெனின் அதை எழுத்திலேயே கண்டித்தார். மாஸ்கோவுக்குப் போய் நேருக்கு நேர் வாதாடியும் இருவரும் அசையவில்லை. தம் பத்திரிகையைக் கட்சியின் பிடிக்குக் கொடுக்க மறுத்ததால் 1921இல் வெளியேற்றப்பட்டார். வாக்குரிமைக்காகச் சிறையில் பட்டினி கிடந்தவர் நாடாளுமன்றமே வேண்டாம் என்றது எப்படி? இதை மழுப்பாமல் எழுதினால்தான் கட்டுரை நிற்கும்.

மூன்றாவது, தாயோடு. 1927இல், அரசே வேண்டாம் என்னும் கொள்கைக்காரரான இத்தாலிய அராஜகவாதி சில்வியோ கோரியோவோடு திருமணமின்றி வாழ்ந்த சில்வியாவுக்கு மகன் பிறந்தான். எம்மலினோ அப்போது கன்சர்வேடிவ் கட்சியின் வேட்பாளர், அதுவும் கிழக்கு லண்டன் தொகுதிக்கு! சமாதானம் ஆகாமலே 1928 ஜூனில் தாய் இறந்தார்.

படி 4: சொல்வது யார் என்று பாருங்கள்

பாரிஸ் சந்திப்பில் அக்கா மடியில் ஒரு குட்டி நாயைக் கொஞ்சிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார் என்று ஒரு விவரம் உண்டு. அருமையான காட்சி. ஆனால் அது 1931இல் சில்வியாவே எழுதிய நூலில் வருகிறது, கோபம் ஆறாத தங்கையின் வாய்மொழி. விட்டுவிட வேண்டாம், 'என்று சில்வியா எழுதுகிறார்' என ஒட்டுங்கள், போதும்.

சட்டங்களையும் சரிபாருங்கள். '1918இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது' என்று மொட்டையாக எழுதுவது வழக்கமான சறுக்கல். 30 வயது நிறைந்து, சொத்துத் தகுதியும் உள்ள பெண்களுக்குத்தான் அப்போது கிடைத்தது. ஆண்களுக்கோ 21 வயது. சம உரிமை 1928 ஜூலையில், எம்மலின் இறந்த சில வாரங்களில் வந்தது. 1913இன் 'பூனை-எலிச் சட்டம்' என்பது பட்டப்பெயர் என்றும் சொல்லுங்கள்: பட்டினியால் துவண்ட கைதியை வெளியே விட்டு, தேறியதும் மறுபடி பிடிப்பது.

படி 5: முதல் வரியைக் கடைசியில் எழுதுங்கள்

இத்தனையும் கைக்கு வந்த பிறகு எங்கே தொடங்கலாம் என்று யோசியுங்கள். ஆப்பிரிக்காவில் ஆர்வமுள்ளவர் என்றால் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா: இத்தாலியப் படையெடுப்பை எதிர்த்து 1936 முதல் பத்திரிகை நடத்திய இந்த ஆங்கிலேயப் பெண்ணை, எத்தியோப்பியா அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. எனக்கு என்றால் பாரிஸ் அறைதான். எங்கே தொடங்கினாலும் சரி, தலைப்பில் மட்டும் 'வீரமங்கை' வேண்டாம்.