பெங்களூருவில் இளையோருக்குக் காட்டுத்தீயைக் கற்பிப்பது எப்படி

காட்டுத்தீ என்றாலே அழிவு என்று படித்து வளர்ந்த பிள்ளைகளிடம், தீயும் காட்டுக்குத் தேவை என்று எடுத்த எடுப்பில் சொன்னால், அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். எந்தக் காட்டில், எந்த மாதத்தில், எவ்வளவு சருகில் பற்றிய தீ என்று கேட்க அவர்களைப் பழக்க வேண்டும். அதற்கு முன் கற்பிப்பவர் தீயின் போக்கைப் படித்திருக்க வேண்டும்.

எரிபொருள், வானிலை, நிலத்தின் சாய்வு ஆகிய மூன்றிலிருந்து தொடங்குங்கள். பிப்ரவரியில் துரஹள்ளிக் காட்டில் ஒரு கைப்பிடிச் சருகை நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மொறுமொறுவென நொறுங்கினால் ஈரம் வற்றிவிட்டது, துவண்டு மடங்கினால் இன்னும் மிச்சமிருக்கிறது. (தீப்பெட்டியை அங்கே கொண்டுபோகவே கூடாது.)

சாய்வை விளக்க, காற்றில்லாத திறந்தவெளியில், தகரத் தட்டில் களிமண்ணைப் பரப்பித் தீக்குச்சிகளை மருந்து முனை மேலிருக்குமாறு நெருக்கமாக நடுங்கள். முதலில் தட்டைச் சமமாக வைத்து ஒரு ஓரத்தைப் பற்றவையுங்கள். பிறகு புதிய குச்சிகளை நட்டு, தட்டைச் சாய்த்துக் கீழ் ஓரத்தைப் பற்றவையுங்கள். மேலேறும் தீ தனக்கு முன்னிருக்கும் குச்சிகளை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதால் விரைந்து பரவும். பற்றவைப்பவர் பெரியவராக இருக்கட்டும். நீர் நிறைந்த வாளி பக்கத்தில் இருக்கட்டும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்ததை இங்கே பேசலாம்.

அடுத்துச் சூழலியல், பாடத்தின் உயிர்நாடி இதுதான். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர் கோடையின் தொடக்கத்திலேயே சருகை மெல்ல எரித்த வழக்கத்தைத் 'தரகு பெங்கி' என்பார்கள். 1974இல் அப்பகுதி சரணாலயமானபின் அது தடைப்பட்டது. காட்டில் அயல்நாட்டுக் களையான உண்ணிச்செடி (லண்டானா) அடர்ந்ததற்கு அத்தடையே காரணம் என்பது சோலிகப் பெரியவர்களின் கருத்து. அதை அப்படியே தீர்ப்பாக்காமல், முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தினர் 1988 முதல் கண்காணித்துவரும் 50 ஹெக்டேர் நிலத்தையும் அருகே வையுங்கள்: அங்கே தீயில் பெரும்பாலும் மடிபவை சிறு தண்டுகள், தடித்த பட்டையுள்ள பெரிய மரங்கள் பிழைக்கின்றன. உயர்மலைகளின் பசுமைமாறாச் சோலைக்காட்டு மரங்களுக்கோ இந்தத் தாங்குதிறன் குறைவு.

இறுதியாக, மார்ச் மாதத்தில் செயற்கைக்கோள் கண்ட தீயைப் புள்ளிகளாகக் காட்டும் நாசாவின் தீ வரைபடத்தில் பந்திப்பூரைத் திறந்து காட்டுங்கள். அதில் ஒரு புள்ளி ஏறத்தாழ 375 மீட்டர் அகலப் பரப்பைக் குறிக்கலாம். அது வயலில் எரித்த பயிர்த்தாளாகவும் இருக்கக்கூடும். ஒவ்வொரு புள்ளிக்கும் காட்டின் வகை, சாய்வு, சருகின் நிலை ஆகியவற்றைப் பிள்ளைகள் ஓர் அட்டவணையில் எழுதட்டும். தெரியாத கட்டங்களை வனக்காவலரிடம் கேட்டு நிரப்பட்டும்.