விமான மீட்டரைக் காரில் பூட்டப் போகிறீர்களா?

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் ராணுவம் கழித்துவிட்ட விமானச் சாமான்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிகளில் பந்தயம் ஓட்டிய ஹாட் ராட் பையன்கள் (பழைய காரை வேகத்துக்காக மாற்றியமைப்பவர்கள்) அள்ளிக்கொண்டார்கள். பில் பர்க் என்பவர், போர் விமானம் வயிற்றடியில் சுமக்கும் எரிபொருள் டேங்கையே காருக்கு உடம்பாக்கினார். கறுப்பு டயல், வெள்ளை முள் மீதான மோகம் இன்றும் போகவில்லை. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் டேஷ்போர்டில் தெரிவது பாதி மீட்டர்தான். மீதிப் பாதி எஞ்சினில் சென்சாராக இருக்கிறது. முகத்தைப் பார்த்து வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அதற்கு முன் உடம்புக்கு ஆகாத ஒன்று. போர்க்கால டயல்கள் பலவற்றில் இருட்டில் ஒளிரக் கதிரியக்க ரேடியம் கலந்த பெயின்ட் பூசியிருப்பார்கள். “இப்போது ஒளிரவே இல்லையே” என்று கண்ணாடியைக் கழற்றி உப்புத்தாள் போடுகிறார்கள். தேய்ந்துபோனது, ரேடியத்தின் கதிர் பட்டு ஒளிரும் துத்தநாக சல்பைடு மட்டும்தான். ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் பிடிக்கும். அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது. திறக்காதீர்கள், துளை போடாதீர்கள். சிறு விமானங்களுக்காகப் பிற்காலத்தில் செய்த மீட்டர் கிடைத்தால் அதை வாங்குவது நிம்மதி.

அடுத்து கரண்ட். எஞ்சின் ஓடும்போது காரில் 14 வோல்ட் வரை இருக்கும். சிறு விமானங்களில் 14-ம் உண்டு, 28-ம் உண்டு. ராணுவ விமானங்களில் பெரும்பாலும் 28. 28 வோல்ட் டிசி என்றால் கன்வெர்ட்டர் வைத்துச் சமாளிக்கலாம். முதுகில் ‘400 சைக்கிள்’ ஏசி என்று எழுதியிருந்தால் பேசாமல் வைத்துவிட்டு வாருங்கள்.

விமான வெப்ப மீட்டருக்குக் கார் சென்சாரைக் கொடுத்தால் முள் அசையும். ஆனால் காட்டுவது பொய். வெப்பத்துக்கு ஏற்ப இரண்டின் ஓம் கணக்கும் வேறு. ஜோடியாகவே வாங்குங்கள். தெர்மோகப்பிளில் (இரு வேறு உலோக வயர்களை இணைத்து வெப்பம் அளப்பது) வயரே சென்சாரின் பகுதி. பேட்டரி இல்லாமல் ஓடும் பழைய மீட்டர்களை 2 அல்லது 8 ஓம் வயருக்கென்றே அளவு செய்திருப்பார்கள். நீளமாக இருக்கிறதென்று வெட்டக் கூடாது, சாதாரண செம்பு வயரில் ஒட்டுப் போடவும் கூடாது. இன்னொன்று: அமெரிக்க முறைத் தெர்மோகப்பிள் வயரில் சிவப்புதான் நெகட்டிவ். கார் வயரிங் பழகிய கை இங்கே தவறாமல் மாற்றிக் கொடுக்கும்.

டர்போ கார்க்காரர்கள் மேனிஃபோல்ட் பிரஷர் மீட்டரை (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது) பூஸ்ட் மீட்டராக நினைக்கிறார்கள். பூஸ்ட் மீட்டர் வெளிக்காற்றைப் பூஜ்யமாக வைத்துக் கணக்கிடும். இதுவோ வெற்றிடத்திலிருந்து கணக்கிடும். அதனால் கடலோர ஊரில் எஞ்சின் அணைந்திருக்கும்போதே 30 அங்குலம் (பாதரச உயரம்) காட்டும். பழுதில்லை, அதுதான் காற்றழுத்தம். 1 பார் பூஸ்ட், அதாவது ஏறக்குறைய இன்னொரு மடங்கு காற்றழுத்தம் ஏறினால் 60-ஐத் தொடும். 50 வரை மட்டும் உள்ள டயலை மாட்டினால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும்.

குழாய் வழியே நேரடியாக அழுத்தம் வாங்கும் பெட்ரோல் பிரஷர் மீட்டரைக் காருக்குள் வைப்பது முட்டாள்தனம். ஒரு இணைப்பு கசிந்தால் மடியில் பெட்ரோல். எலெக்ட்ரிக் சென்சார் உள்ளதை எடுங்கள்.

காற்றுவேக மீட்டர் அழகுக்கு மட்டும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அதற்குக் கிடைக்கும் அழுத்தம் 48 மி.மீ. தண்ணீர் உயரம்தான். எதிர்க்காற்று அடித்தால் கூடுதலாகக் காட்டும். ஸ்பீடோமீட்டரைக் கழற்றிவிட்டு இதை நம்ப முடியாது. வேலை செய்கிறதா என்று குழாயில் வாய் வைத்து ஊதினால் அன்றோடு சரி.

கடைசியில்தான் டேஷ்போர்டில் ஓட்டை போடுவது. கார் மீட்டருக்கு வழக்கமான 52 மி.மீ. இதற்குப் போதாது, சுமார் 57 அல்லது 79 மி.மீ. வேண்டும். முகம் சிறிதாக இருந்தாலும் பின்னால் டப்பா நீளம். கனெக்டரையும் சேர்த்து அளந்து, பின்னால் வைப்பர் மோட்டார் இடிக்கிறதா என்று பார்த்த பிறகு தகட்டில் கை வையுங்கள்.